வேகப் பயண வண்டியும் வழிநூல் மரபும்

தமிழ் பயில்வான் ஒருவன் மோட்டார் சைக்கிளைக் குறித்து எழுதப் புகுவது சிலர்க்கு நகை விளைத்தல் கூடும். ஸ்பானரும் சுத்தியும் ஒலிக்கும் பட்டறைக்கும், இலக்கண உரை ஒலிக்கும் வகுப்பறைக்கும் உறவு யாதென வினவுவாரும் உளர். முன்னோர் ஆக்கிய ஒன்றைப் பின்னோர் கையேற்று, அதன் ஒரு பகுதியை மாற்றி, மாற்றியதற்குக் காரணங் காட்டி, அக்காரணம் பொருந்துமோ பொருந்தாதோ எனத் தம்முள் வழக்கிடும் தொழில் இவ்விரண்டிடத்தும் நிகழ்கின்றது. விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்து இளைஞர் பலர் தம் வண்டிகளை மாற்றியமைப்பதிலும், அம்மாற்றங்களைப் பற்றி மணிக்கணக்கிற் பேசுவதிலும் பேரார்வம் உடையர். அவ்வார்வம் நற்பயன் தருவதும், பணத்தையும் சிலபோது உயிரையும் கொள்வதும் மாற்றத்தின் முறையைப் பொறுத்தன. அம்முறையை நம் நூன்மரபின் துணைகொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

முதற்கண், வேகப் பயண வண்டி யாதென அறிதல் வேண்டும். மோட்டார் சைக்கிள்களுட் பந்தயத்திற்கென அமைந்தவை ஒருவகை. அவற்றில் ஏறியவன் முன்குனிந்து, தன் எடையைக் கைகளிற் சுமந்து, சிறிது பொழுதிற் களைத்துவிடுவான். நெடுவழிக்கென அமைந்தவை பிறிதொரு வகை. அகன்ற இருக்கையும் பேருருவும் உடையன. வளைவுகளில் மந்தமாகத் திரும்புவன. இவ்விரண்டன் இயல்பையும் கலந்து, நாள் முழுதும் விரைந்து செல்லவும், மாற்றுடையும் உணவும் ஏற்றிக் கொள்ளவும், மலைப்பாதையில் இன்புற்றுத் திரும்பவும் ஏற்றதாகச் செய்யப்பெற்றதே ஸ்போர்ட் டூரிங் என மேனாட்டார் வழங்கும் வகை. ஜெர்மனி தேசத்துப் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் 1976-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆர் 100 ஆர்.எஸ். என்னும் வண்டியை இவ்வகைக்கு முன்னோடியாகக் கூறுவர். காற்றைச் செலுத்திச் சோதிக்கும் கூடத்தில் வைத்து உருவமைத்த முகக்கவசத்தை அவ்வண்டி தொழிற்சாலையிலிருந்தே அணிந்து வந்தது. நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டில் வந்த 223 கன சென்டிமீட்டர் ஹீரோ ஹோண்டா கரிஸ்மாவை இளைஞர் நெடும்பயணத்திற்கென விரும்பி வாங்கினர். 2016-ஆம் ஆண்டின் இறுதியிற் பஜாஜ் டாமினார் 400 வந்தது. 2018-இல் வந்த ராயல் என்பீல்டு இன்டர்செப்டர் 650 உருவத்தாற் பழம்பாணியதாயினும், 648 கன சென்டிமீட்டர் கொண்ட இரட்டை சிலிண்டரும், 47 குதிரைத்திறனும், ஆறு கியரும் உடைமையின், அதனை வேகப் பயண வண்டியாக மாற்றிக்கொள்வார் பலர்.

இனி, நூன்மரபுக்கு வருவாம். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுத்தனர். முதனூல் என்பது வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது. வழிநூல் என்பது முதனூலின் முடிபுகளை முழுதும் ஏற்று, பின்வந்தோன் தனக்கு வேண்டிய வேறுபாட்டைச் சேர்த்து, மரபு சிதையாமற் செய்வது. சார்புநூலோ அவ்விரண்டிற்கும் சிறுபான்மையே ஒத்து, பெரும்பான்மை வேறுபடுவது. தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியை முதனூலாகக் கொண்டால், அதனை மாற்றியமைப்போன் செய்யத்தக்கது வழிநூல். தான் செய்வது வழிநூலென்று எண்ணிக்கொண்டே சார்புநூல் செய்துவிடுவார் பலர். இடர்கள் பெரும்பாலும் ஆண்டே தொடங்குகின்றன.

முதனூலை முழுதும் ஏற்றல் என்பதை எளிதாகக் கொள்ளற்க. ஏற்பதற்கு முன் கற்றல் வேண்டும். வண்டியோடு தரும் கையேட்டைப் பிரித்துப் பார்த்தவர் எத்துணையர்? டயரில் நிற்க வேண்டிய காற்றின் அளவு, தனியே செல்லும்போது ஒன்றாகவும், பின்னே ஒருவரை ஏற்றிச் செல்லும்போது வேறொன்றாகவும் அக்கையேட்டிற் குறிக்கப்பட்டிருக்கும். வண்டி தாங்கும் மொத்தச் சுமையும் குறிக்கப்பட்டிருக்கும். இவற்றை அறியாது ஆயிரக்கணக்கிற் பொருள் செலவிட்டுப் புதிய டயரும் புதிய ஷாக் அப்சார்பரும் மாட்டுவோன், மூலபாடத்தைப் படியாமல் உரையெழுதப் புகுந்தவனை ஒப்பான். காற்றைச் சரிசெய்த அளவிலே நீங்கிய குறைகள் பலவற்றை யான் கண்டுள்ளேன்.

வழிநூல் முதனூலாருடைய உடன்பாட்டையே பெற்ற வரலாறும் உண்டு. இங்கிலாந்தில் 1950-களிலும் 1960-களிலும் இளைஞர் தம் மோட்டார் சைக்கிள்களின் ஹாண்டில் பாரைத் தாழ்த்தி, இருக்கையின் பின்புறத்தைத் திமில்போல் உயர்த்தி, பந்தய வண்டியின் கோலத்தைத் தாமே அமைத்துக்கொண்டு, நெடுஞ்சாலை உணவு விடுதிகளில் மாலைதோறும் கூடிப் பேசினர். அவ்விடுதிகளின் பெயராலே அவ்வண்டிகள் கபே ரேசர் எனப்பட்டன. ராயல் என்பீல்டு நிறுவனத்தார் அவ்விளைஞர் செய்ததையே தாமும் செய்து, 1964-இல் காண்டினென்டல் ஜி.டி. என்னும் 250 கன சென்டிமீட்டர் வண்டியை வெளியிட்டனர். பிரிட்டன் தீவின் வடமுனையிலிருந்து தென்மேற்கு முனை வரையில் ஆள்மாறி ஆள் ஏறி, இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் அதனை ஓட்டிக் காட்டினர். இங்கிலாந்துத் தொழிற்சாலை 1970-ஐ ஒட்டி நின்றொழிந்தது. சென்னையிலோ, 1955-ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூடித் தொடங்கிய முயற்சி திருவொற்றியூர்த் தொழிற்சாலையாக வளர்ந்து நிலைத்தது. காண்டினென்டல் ஜி.டி. என்னும் பெயர் 2013-இல் 535 கன சென்டிமீட்டர் வண்டியாகவும், 2018-இல் 650 ஆகவும் தமிழ்நாட்டிலிருந்தே மீண்டும் உலகிற்குச் சென்றது. பட்டறை இளைஞரின் பாடபேதம் மூலபாடமாயிற்று என இதனைக் கூறலாம். 2021-இல் பஜாஜ் நிறுவனத்தார் டாமினாருக்கு உயர்ந்த காற்றுத் தடுப்பையும், கைக்காப்பையும், பின்புறச் சுமைதாங்கியையும் தாமே சேர்த்து விற்கத் தொடங்கியதும் இவ்வகைப்பட்டதே.

நம் நிலத்திலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிற்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டு, அதனை இவ்வூரின் வெயிலுக்கும் கைத்தொழிலுக்கும் ஏற்ப நிறுவினர். பிற தேசத்தார் செய்முறையைக் கற்று, தம் ஊருக்கேற்ப மாற்றிய அத்தொழிலிலிருந்தே பட்டாசும் அச்சும் கிளைத்தன. மாற்றும் கை இந்நிலத்தார்க்குப் புதிதன்று என்பதற்காக இதனைக் கூறினேன், மேலே செல்வாம்.

மாற்றம் எத்தேவை பற்றி எழுந்தது என்பதே முதல் வினா. நம் பக்கத்துப் பயணியின் தேவைகள் இமயமலைப் பயணியின் தேவைகள் அல்ல. மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர், கோவிற்பட்டி, கயத்தாறு வழியாகத் திருநெல்வேலிக்கும், ஆண்டிருந்து குமரிமுனைக்கும் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நீண்டு நேராகக் கிடக்கும் நால்வழிச் சாலை. கரிசல் நிலத்தின் வெயில் கடுமையானது. இருமருங்கும் நிழல் அரிது. ஊர்ப்பிரிவுகளில் ஆடுகளும் மிதிவண்டிகளும் எதிர்பாராது குறுக்கிடும். இராசபாளையம் வழியே தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் செல்லும் சாலையோ ஊர்களிடையே நெளிந்து செல்வது. ஆரல்வாய்மொழிக் கணவாயில், தென்மேற்குப் பருவக் காலத்திற் பக்கக் காற்று வண்டியைச் சாலையின் மறுகரைக்குத் தள்ளும். முப்பந்தலில் அத்துணைக் காற்றாடிகள் நிற்பதற்குக் காரணமும் அக்காற்றே. வெயில், நேர்ச்சாலை, பக்கக் காற்று, குறுக்கீடு என்னும் இவையே நம் தேவைகளின் ஊற்று.

காற்றுத் தடுப்பை முதலில் எடுத்துக்கொள்வாம். வேகம் மிகுந்தோறும் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப மிகும். அதனை வெல்லவேண்டிய திறனோ கனத்திற்கேற்ப மிகும். மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்கு ஏறினால், வேகம் கால்பங்கே மிகுந்ததாயினும், எதிர்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகின்றது. செலவாகும் திறன் ஏறத்தாழ இருமடங்காகின்றது. மார்பில் மோதும் அக்காற்றைத் தடுப்பின் களைப்பு வெகுவாகக் குறையும். ஆயின் கண்ணாடி உயரந் தவறினால், அதன் விளிம்பிற் சுழன்ற காற்று நேரே ஹெல்மெட்டில் வந்து அறையும், தலை நடுங்கும், செவி இரையும். வெறும் மார்பில் நேர்க்காற்றை ஏற்பதே அதனினும் நன்று என்று சிலர் கண்ணாடியைக் கழற்றி எறிந்ததுண்டு. ஒருவனுடைய உடலுயரத்திற்கு ஏற்றது பிறனுக்கு ஏலாது. நண்பன் மாட்டினான் என்று தானும் அதனையே வாங்குதல் இவ்விடத்திற் பெரும்பாலும் வீண்செலவாகின்றது.

சங்கிலி ஓடும் பற்சக்கரத்தை மாற்றுதல் குறைந்த செலவில் உடனே உணரத்தக்க மாற்றம். முன்புறச் சக்கரத்திற் பதினைந்து பல் இருந்த இடத்திற் பதினாறு பல் வைத்தால், அதே வேகத்திற்கு இஞ்சின் சுழலும் முறை நூற்றுக்கு ஆறேகால் பங்கு குறையும். நெடுஞ்சாலையில் அதிர்வு தணியும். அதே அளவிற்குச் சக்கரத்தின் இழுவையும் குறையும். சுமையேற்றி மலையேறும்போது முன்னினும் அடிக்கடி கியரைக் குறைக்க நேரும். சில வண்டிகளில் வேகமானி பொய்யும் சொல்லத் தொடங்கும். பெற்றதைக் கூறி இழந்ததை விடுத்தலை நம் இலக்கணம் குன்றக் கூறல் என்னும் குற்றமாக வைத்தது.

விளக்கைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். ஏனெனிற் பெருங்கேடு இதிலே மறைந்து நிற்கின்றது. 60 வாட் பல்பு இருந்த இடத்தில் ஒளி மிகும் என்று 100 வாட் பல்பை மாட்டுவோர் பலர். பன்னிரண்டு வோல்ட் வண்டியில் முன்னதற்கு 5 ஆம்பியர் ஓடும். பின்னதற்கு எட்டேகால் ஆம்பியருக்கு மேல் ஓடும். கம்பியிற் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தொடர்வது. ஆகவே 1.67 மடங்கு எனக் கணக்கிடத் தோன்றும் இடத்தில் அஃது ஏறத்தாழ 2.8 மடங்காகின்றது. மெல்லிய கம்பி அதனைத் தாங்காது, உறை உருகும், ஸ்விட்ச் கருகும், நள்ளிரவில் நெடுஞ்சாலையிடையே விளக்கு அவியும். புதிய திராட்சரசத்தைப் பழந்துருத்தியில் வார்த்தல் ஆகாதென்று திருமறை கூறியது இத்தகைய வயரிங்கிற்கும் பொருந்தும். விளக்கை மிகுவிக்க வேண்டின், பாட்டரியிலிருந்து நேரே தடித்த கம்பியும், ரிலேயும், தனி ப்யூஸும் அமைத்து, வண்டியின் மின்னாக்கி அச்சுமையைத் தாங்குமா என்றும் கணக்கிடல் வேண்டும். பின்புறச் சுமை ஏற்றியவழி வண்டியின் முகம் நிமிர்ந்து, விளக்கொளி எதிர்வருவோன் கண்ணிற் பாயும் என்பதையும் மறத்தலாகாது. எதிர்வருவோன் கண் கூசி அவன் வழிதவறினால், அவ்வழி நம்மை நோக்கியே அமையும்.

சுமையின் செய்தியும் அதனோடு பிணைந்தது. ஷாக் அப்சார்பரின் சுருளை இறுக்குதற்கு உரிய படிகள் பெரும்பாலான வண்டிகளில் உண்டு. ஏறி அமர்ந்தபோது அதன் முழு அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாழ்வது பொதுவான அளவு. இரண்டு பேரும் பெட்டியும் ஏறியவிடத்தும் தனியே ஓட்டிய படியிலேயே விட்டுவைப்பின் பின்புறம் அமிழ்ந்து, முன்சக்கரம் நிலத்தை இறுகப் பற்றாது. இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒரு சாவி போதும். செலவில்லாத மாற்றத்தைப் பற்றி எவரும் கூடிப் பேசாதது வியப்பே.

இனிச் சைலன்சர். வண்டி மாற்றுவோர் பலர் முதலிற் கைவைப்பது இதன்மேலாம். அதனாலேயே இதனிடத்து அதிகம் நிற்கின்றேன். உள்ளிருக்கும் தடுப்பை அகற்றினால் ஒலி பெருகும். ஒலி பெருகியபடியே வலியும் பெருகியதென்று செவி மனத்தை ஏமாற்றும். இஞ்சினுக்குச் செல்லும் காற்றும் எரிபொருளும் வெளிப்போக்கின் எதிர்ப்பை எண்ணி அளக்கப்பட்டவை. போக்கை மட்டும் திறந்துவிட்டால் அவ்வளவு பிறழ்கின்றது. கைப்பிடியை மூடியபொழுது எரியாது மிஞ்சிய கலவை, காய்ந்த குழாயிற் காற்றோடு கூடி ஆண்டே பற்றிக்கொள்ளும். படபடவெனக் கேட்கும் அவ்வொலியைச் சிலர் இசையென மகிழ்வர். சிலபோது குழாய்வாயிற் சுடரும் தோன்றும். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். ஆறு வகை வண்டிகளிற் புகையைத் தூய்மை செய்யும் பகுதியும் குழாயினுள்ளே இருத்தலின், அதனைக் கழற்றுவோன் தன் ஊரின் காற்றையும் கெடுக்கின்றான்.

பிற ஊரில் இஃது அண்டை வீட்டார் உறக்கத்தைக் கெடுக்கும் அளவினதாகலாம். நம் ஊர்ப்பக்கத்தில் நெருப்பு வேறு பொருளுடையது. அலுமினியத் தூளும், கந்தகமும், வெடியுப்பும் கையாளப்படும் கூடங்கள் சாலைகளிலிருந்து சிறிதே உள்ளடங்கிப் பல ஊர்களிற் பரந்து கிடக்கின்றன. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாளில் முதலிப்பட்டியில் முப்பதின்மர்க்கு மேற்பட்டோர் ஒரு வெடிவிபத்தில் மாண்டதை இவ்வட்டாரத்தில் மறந்தார் இலர். பட்டாசு வேலைக்குச் செல்லும் தாயர் இடுப்பில் தீப்பெட்டி செருகிச் செல்லார். அத்தகைய தாய் வீடு திரும்பும் தெருவில், மகன் தன் வண்டியின் வாயில் தீப்பொறி தெறிப்பதைப் பெருமையாகக் காட்டி நிற்றல் எவ்வகையானும் பொருந்துவதன்று. ஒரு வேடிக்கையும் உண்டு. பட்டாசுக்கே ஒலி வரம்பு உள்ள நாடு இது: வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர்த் தொலைவில் 125 டெசிபெலுக்கு மேற்படலாகாதென 1999-இல் விதி செய்தனர். 175 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட இருசக்கர மோட்டார் வண்டிக்குத் தொழிற்சாலையளவில் விதித்த வரம்பு 80 டெசிபெல். அளக்கும் முறை வேறுவேறாதலின் இவ்விரண்டையும் நேரே ஒப்பிடலாகாது. ஆயினும் வெடி செய்வோர் வரம்பிற்கு அடங்கி வெடி செய்ய, வண்டி ஓட்டுவோர் வரம்பு கடந்து வெடிப்பது விந்தையன்றோ!

சட்டத்தின் நிலையையும் ஒருவாறு கூறிவிடல் நன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிற் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் முதலிற் குறித்தவற்றிலிருந்து வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்கின்றது. கேரளத்திலிருந்து எழுந்த வழக்கொன்றில் 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அவ்வாண்டே செய்த சட்டத்திருத்தம், தகாத மாற்றம் ஒவ்வொன்றிற்கும் உரிமையாளர்க்கு ஐயாயிரம் ரூபாய் தண்டமோ, ஆறு திங்கள் வரையிற் சிறையோ, இரண்டுமோ விதிக்க இடந்தந்தது. இஞ்சினையோ சட்டகத்தையோ மாற்றுவதும், கழற்றி மாட்டத்தக்க பெட்டியொன்றைச் சேர்ப்பதும் ஒரு தன்மையன அல்ல. வழிநூலுக்கும் சார்புநூலுக்கும் உள்ள எல்லையைச் சட்டமும் ஏறக்குறைய அவ்விடத்திலே கண்டது என்பது என் கருத்து. விபத்து நேர்ந்தவழிக் காப்பீட்டு நிறுவனத்தார் முதலில் வினவுவதும் இதனையேயாதலின், பொருள் நோக்கில் இஃது எளிய செய்தியன்று.

இனி, மாற்றங்களைப் பற்றி ஆர்வலர் தம்முட் பேசும் பேச்சை ஆராய்வாம். இதுவே எனக்கு மிக உவப்பான பகுதி. நன்னூலார் ஆசிரியர்களின் கொள்கை நிலைகளை எழுவகை மதம் எனக் கூறினார். பிறர் கூறியதை ஏற்றலும், மறுத்தலும், முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதலும், தானே ஒன்றை நாட்டி நிறுவுதலும், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதலும், பிறர் நூலிற் குற்றங் காட்டலும், எதனோடும் சாராது தன் கொள்கையையே கொள்ளுதலும் அவை. தேநீர்க் கடை வாயிலில் நான்கு வண்டிகள் நின்றால் ஏழு மதங்களும் அரைமணியிற் பிறந்துவிடும். அவற்றுட் பிறர் குற்றங் காட்டல் மிக மலிவாகக் கிடைக்கும். ஏற்றுப் பின்னர்க் களைதல் அரிது. ஏனெனில் அதற்குப் பிறன் கூறியதைத் தன் வண்டியிற் செய்து பார்க்கும் பொறுமை வேண்டும்.

பேச்சு வழுவுவதற்கு முதற்காரணம் சொல்லின் தெளிவின்மை. ‘வண்டி ஆடுகிறது’ என்பான் ஒருவன். ஈண்டு வண்டி என்றது முதலாகுபெயர். முழுமையின் பெயர் அதன் உறுப்பொன்றிற்கு ஆகி நின்றது. எவ்வுறுப்பு? ஹாண்டில் பாரா, பின்சக்கரமா, பெட்டியா? எவ்வேகத்தில்? வேகம் ஏறும்போதா, குறையும்போதா? ‘பிக்கப் இல்லை’, ‘மிஸ்ஸிங் அடிக்கிறது’ என்பனவும் இவ்வாறே. கேட்போர் ஒவ்வொருவரும் தத்தம் வண்டியின் நோயை அச்சொல்லினுள் நுழைத்துப் பொருள் கொள்கின்றனர். பின்னர் நிகழும் வாதம் ஒரே சொல்லைப் பற்றியதாயினும் ஒரே பொருளைப் பற்றியதன்று.

சிவகாசியில் அச்சு இயந்திரங்களைப் பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் இதற்கு மருந்து கண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்தபின் எம்போல்வார் சிலர் அவர் பட்டறை நிழலிற் கூடுவது வழக்கம். இன்டர்செப்டர் வைத்திருந்த நண்பனொருவன், “அண்ணாச்சி, வேகத்தை நூறுக்கு மேல் ஏற்றினால் வண்டி ஆடுகிறது” என்றான். ஒருவன் டயரைக் குறை கூறினான். ஒருவன் முன்ஷாக்கில் எண்ணெயை மாற்றச் சொன்னான். மூன்றாமவன் ஸ்டியரிங் டாம்பர் என்னும் அதிர்வடக்கி வாங்கினாலன்றித் தீராதென்றான். அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டிருந்து, “எங்கே ஆடுது தம்பி? எந்த இடத்திலே?” என்றார். ஆரல்வாய்மொழியருகில் மிகுதியென்றும், ஊர்ப்பக்கத்திற் சிறிதென்றும் விடை வந்தது. “பின்னாலே அந்தப் பெட்டி எப்போது மாட்டினது?” என்றார். “இரண்டு மாதம் இருக்கும்.” “ஆட்டம்?” நண்பன் சிறிது எண்ணி, “அதுவும் இரண்டு மாதந்தான்” என்றான். “பெட்டியைக் கழற்றிப்போட்டு ஒருதடவை போய் வாங்க. வேறு ஒன்றையும் தொடவேண்டாம்” என்று கூறி அவர் தம் வேலைக்குத் திரும்பினார்.

அடுத்த வாரத்தில் ஐயம் தீர்ந்தது. பின்னச்சிற்கு அப்பால் உயரத்தில் நின்ற அகன்ற பெட்டி, தன் எடையால் முன்சக்கரத்தின் சுமையைக் குறைத்தது; தன் பரப்பாற் பக்கக் காற்றையும் பிடித்தது. உயர்ந்த கண்ணாடியும் அதனோடு சேர்ந்துகொண்டது. அவன் பெட்டியை விடுத்து, இருமருங்கும் தாழத் தொங்கும் துணிப்பைகளைக் கொண்டான். கனத்த கருவிகளைப் பைகளின் அடியில், இருக்கைக்கு அருகில் வைத்தான். டாம்பருக்கென வைத்திருந்த பணம் மிஞ்சியது. அவன் அக்காற்றில் ஒருநாள் லாரிக்கருகிற் சென்றிருப்பின் மிஞ்சாதிருந்திருக்கக் கூடியது அப்பணம் மட்டுமன்று.

அம்முதியவர் முறையில் யான் கண்டவை இவை. காலத்தையும் இடத்தையும் முதலிற் கேட்டார். மாற்றத்திற்கு முன் குறை உண்டோ என்று கேட்டார். ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிக்கச் சொன்னார். மூன்றையும் ஒருங்கு மாற்றியிருந்தால், ஆட்டம் நின்றிருப்பினும் எதனால் நின்றதென்பதை எவரும் அறிந்திரார். அடுத்தவனுக்கும் மூன்று செலவையும் அறிவுரையாகக் கூறியிருப்பர். இவ்வாறு ஒருவன் அறியாது செய்தது பத்துப்பேர் வாயிற் பிரமாணமாகிவிடுவதை நாடோறும் காண்கிறோம். தான் ஓட்டி அறிந்ததனையும், பிறர் சொல்லக் கேட்டதனையும் வேறுபிரித்துக் கூறுவார் மிகச் சிலர். நம் உரையாசிரியன்மாரோ பிறர் கருத்தைக் கூறும்போது ‘என்ப’, ‘என்பாரும் உளர்’ எனக் குறித்துச் செல்லும் ஒழுக்கம் உடையர். ‘நான் மாட்டி இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டினேன்; மழையில் ஓட்டவில்லை’ என்று ஒருவன் கூறுவானாயின், அவ்வொரு தொடர் நூறு புகழ்ச்சிகளைவிட எனக்குப் பயன்படும்.

உரையை மாற்றியமைத்தற்கு இலக்கணமாக நம்மிடையே சிவஞான முனிவர் செய்த பணி நிற்கின்றது. சங்கர நமச்சிவாயர் நன்னூலுக்கு எழுதிய விருத்தியுரையை அவர் கைக்கொண்டு, வேண்டுமிடங்களில் மட்டும் திருத்தியும் சேர்த்தும் செப்பம் செய்தனர். முழுதும் அழித்துத் தம் பெயரால் வேறோர் உரை எழுதும் ஆற்றல் அவர்க்கில்லாமையால் அவ்வாறு செய்தாரல்லர். கற்றார் இன்றும் அதனைச் சங்கர நமச்சிவாயர் உரையென்றும் சிவஞான முனிவர் திருத்தியதென்றும் இருவர் பெயராலும் வழங்குகின்றனர்.

எம் கூட்டத்தில் இப்பொழுது ஒரு வழக்கம் புகுந்துள்ளது. மாற்றம் செய்யுமுன், பழைய உறுப்பின் அளவையும், மாற்றும் நாளையும், ஓடிய கிலோமீட்டரையும், மாற்றத்திற்குரிய காரணத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுகின்றோம். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின், நன்மை ஒரு பக்கத்திலும் குறை மறுபக்கத்திலும் எழுதப்படும். குறைப்பக்கம் வெறுமையாக இருந்தால் அதனை எவரும் நம்புவதில்லை. கழற்றிய உறுப்புகளை எடைக்குப் போடாது, எண்ணெய்த் துணியிற் சுற்றி, பெயரெழுதிய சீட்டோடு பட்டறையின் மேல்தட்டில் வைக்கின்றோம். உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளிற் பாடபேதங்களைத் தள்ளிவிடாது குறித்துவைத்தமையாற் பின்வந்தோர் அவற்றை ஒப்புநோக்க இடம் பெற்றனர். மேல்தட்டில் இப்பொழுது இரண்டு ஹாண்டில் பார்களும், ஒரு கண்ணாடியும், நான்கு சைலன்சர்களும் உள்ளன. சென்ற திங்களில் ஐந்து சைலன்சர்கள் இருந்தன. ஒன்றை அதன் உடையவன் மீண்டும் வாங்கி மாட்டிக்கொண்டான்.